புரட்டாசியில் பூனைக்கு மீன்

பூனை வளர்ப்பதில் எனக்கு எந்த ஆசையும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூனையின் கண்ணழகு, நடையழகு என்று யாராவது எழுதியதைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். நான் கிணத்துக்கடவுப் பக்கத்துத் தோட்டக்காரி. எங்கள் களத்தில் கொப்பரை காயும். எலி வராமல் இருக்க ஒரு பூனை இருந்தது. அதற்கு யாரும் சோறு வைத்ததில்லை. வைத்தால் எலி பிடிக்காது என்று அப்பா சத்தம் போடுவார். செத்தால் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

அப்படி வளர்ந்த நான், ஒரு பூனை மூத்திரம் பெய்ததா இல்லையா என்று மணல் குவியலுக்குள் கையை விட்டு ஈரம் தேடியிருக்கிறேன். சோறு இறங்காமல், ஒரு நாள் முழுக்க அந்த மணலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணமாகி கோயமுத்தூர் வந்து சில வருசம் ஆகியிருந்தது. பூமார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தார். மோட்டார் பம்ப்புக்குத் தண்டு கடைந்து கொடுப்பார். பக்கத்து வீட்டில் ஒரு ராவுத்தர் குடும்பம். அந்த வீட்டுக்காரர் உக்கடத்தில் செருப்புக் கடை வைத்திருந்தார். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான்.

அந்தச் சுவர் மேல்தான் அவன் வந்தான். காவி நிறக் கடுவன் பூனை. ஒரு மழைக்கு வந்தவன் போகவில்லை. பேர் வைக்கவில்லை. "பூனை" என்று கூப்பிட்டால் வருவான். மத்தி மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளெடுத்து, வெந்த தண்ணியோடு சோற்றில் பிசைந்து வைப்பேன். தட்டை நக்கி முடித்துவிட்டு என் காலில் வந்து உரசுவான். போடா என்று தள்ளுவேன். அவ்வளவுதான் எங்கள் உறவு. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி வந்தது.

புரட்டாசியில் கறி மீன் எடுக்காத வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. ஆனால் என் வீட்டுக்காரருக்கு அது வெறும் பழக்கம் இல்லை. அதற்கு முந்தைய வருசம் பட்டறையில் அவர் சட்டைக் கை லேத்தில் மாட்டிக்கொண்டது. சுற்றுகிற இரும்பு சட்டையைத் தோள்வரை கிழித்து எடுத்துக்கொண்டது. கை மட்டும் சிராய்ப்போடு வெளியே வந்தது. காரமடைப் பெருமாளை நினைத்தாராம் அந்த நேரத்தில். அந்தக் கை கஞ்சி குடிக்க, மொபெட் ஓட்ட, எங்கள் பிழைப்பை நடத்த இருக்கிறதென்றால் அது பெருமாள் விட்டுவைத்தது என்று நம்பினார். அதனால் புரட்டாசி முழுக்க மீன் வாசனைகூட வாசப்படி தாண்டக்கூடாது. நானும் மறுத்துப் பேசவில்லை. அந்தக் கிழிந்த சட்டையைப் பார்த்தவள் நான்.

"பூனைக்கு?" என்று கேட்டேன்.

"அவனும் நம்மூட்டு ஆளுதான? ஒரு மாசம் தயிர்ச்சோறு திங்கட்டும்."

அவன் தயிர்ச்சோற்றை மோந்து பார்த்துவிட்டு, அதன் மேல் மண் தள்ளி மூடுவதுபோல் தரையைப் பிறாண்டினான். இரண்டாம் வேளையும் அதேதான். வீட்டுக்காரருக்கே பாவமாகப் போய்விட்டது. ஆர்.எஸ்.புரத்தில் நாய்ச் சங்கிலி, மீன் தொட்டி எல்லாம் விற்கிற கடை ஒன்று புதிதாக வந்திருந்தது. அங்கே போய் ஒரு பாக்கெட்டோடு வந்தார். பளபளவென்று தாள், மேலே வெள்ளைக்காரப் பூனை படம். உள்ளே கடலைப்பருப்பு அளவில் காய்ந்த உருண்டைகள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அக்கா பாக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏந் தம்பி, இதுல மீன் படம் போட்டிருக்கே?"

"படந்தானுங்க அக்கா."

"படந்தான்னா, உள்ள என்ன இருக்கும்? பொரிகடலையா?"

"பிஸ்கட் மாதிரிங்க அக்கா. வாசமே இல்ல பாருங்க. கடைக்காரரே சொன்னாரு."

வாசம் இருந்தது. ஆனால் சமைத்த மீன் வாசம் இல்லை. அவருக்கு அது போதும். எனக்கும் போதும். மீன் கழுவ வேண்டாம், முள் எடுக்க வேண்டாம், ஈ மொய்க்காது. ஒரு கை அள்ளிப் போட்டால் நறநறவென்று கடித்துத் தின்றான். பாக்கெட்டை ஆட்டினாலே தெருக்கோடியில் இருந்து ஓடி வந்தான். இனி மீனே வேண்டாம், வருசம் முழுக்க இதையே போடலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

கக்கூஸ் பக்கத்தில், வீட்டு ஓனர் ஏதோ பூச்சு வேலைக்குக் கொட்டி மீந்துபோன மணல் இருந்தது. அதுதான் அவன் இடம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவன் மணலில் குந்தினான். எழுந்தான். இன்னொரு இடத்தில் குழி பறித்துக் குந்தினான். மறுபடி எழுந்தான். மலச்சிக்கல் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சத்தம் போட்டான். பூனைச் சத்தமே இல்லை அது. கைக்குழந்தை வீறிடுகிற மாதிரி. என் கையிலிருந்து சோப்பு நழுவிவிட்டது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். வாய் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மணல் காய்ந்து கிடந்தது. வயிற்றைத் தொட்டேன், கடித்துவிட்டான். என்னை அவன் கடித்ததே இல்லை.

ஒயர் கூடையில் பழைய துண்டு விரித்து, அவனை அதில் அமுக்கி, மேலே இன்னொரு துண்டைக் கட்டி, ஆட்டோ பிடித்தேன். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாட்டு டாக்டர் சாயங்காலம் நாய்களுக்கும் வைத்தியம் பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். சாயங்காலம்வரை காத்திருக்க முடியாது என்று அவர் வீட்டுக் கதவையே தட்டினேன். ஏற்கெனவே ஒரு அம்மா மடியில் சடை நாயோடு அங்கே உட்கார்ந்திருந்தார். என் கூடையைப் பார்த்தார்.

"பூனைக்கா டாக்டர்கிட்ட வந்தீங்க?"

"உங்குளுக்கென்னங்க" என்றேன். வேறு நேரமாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

டாக்டர் அவன் அடிவயிற்றை ஒரு தரம் அமுக்கினார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"சாத்துக்குடி மாதிரி இருக்கும்மா. மூத்திரம் அடைச்சிருக்கு. கடுவனுக்குக் குழாய் சின்னது, மணல் மணலா வந்து அடைச்சுக்கும். என்ன தீனி போடறீங்க?"

"பாக்கெட் தீனிங்க. காஞ்சது."

"அதுல ஈரமே கெடையாது. அதைத் தின்னா நெறையத் தண்ணி குடிக்கணும். குடிக்கிறானா?"

"வெக்கறேனுங்க டாக்டர்."

"வெக்கறது சரி. குடிக்கிறானா?"

எனக்குத் தெரியவில்லை. தினம் காலையில் கிண்ணத்தில் ஊற்றுவேன், சாயங்காலம் கறிவேப்பிலைச் செடிக்குக் கொட்டுவேன். குறைந்ததா என்று யார் பார்த்தது?

ஊசி போட்டு மயக்கி, மெல்லிய குழாய் விட்டு எடுத்தார். ரத்தம் கலந்து வந்தது. நான் சுவரைப் பார்த்து நின்றேன். முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"இப்ப எறங்கிருச்சு. நாளைக்குள்ள தானா மூத்திரம் பேயணும். மறுபடி அடைச்சா பொழைக்கிறது செரமம். காஞ்ச தீனி வேண்டாம். மீனோ கோழியோ, வேகவெச்ச தண்ணியோட ஈரமாக் குடுங்க. இன்னொண்ணு. பட்டினி மட்டும் போட்டுராதீங்க. பூனை திங்காமக் கெடந்தா ஈரல் கெட்டுரும்."

அந்தக் கடைசி வார்த்தை வெறும் புத்திமதி என்றுதான் கூடையைத் தூக்கிக்கொண்டு வரும்போது நினைத்தேன். சாயங்காலம்தான் புரிந்தது.

மீன் என் வீட்டுக்குள் வராது. அக்காவிடம் சொன்னேன். கேட்டு முடிக்குமுன்பே அவர் மகனை உக்கடம் மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டார். மத்தி வெந்தது. அவனை அவர்கள் வீட்டுப் புழக்கடைக்குத் தூக்கிப் போனேன். புது இடம். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டான். கண் இரண்டும் கறுப்பாக விரிந்திருந்தது. தட்டை மூக்கருகே வைத்தேன். முகத்தைத் திருப்பினான். அக்கா ஊதி ஆற்றி விரலில் எடுத்து நீட்டினார். "திண்டுரு ராசா" என்றார். அவன் நடுங்கினான்.

மறுபடி வீட்டுக்குத் தூக்கி வந்தேன். காய்ந்த உருண்டையைத் தண்ணியில் ஊறப்போட்டு வைத்தேன். அதையும் தொடவில்லை. மயக்கத்தால் இருக்கும், பசியே இல்லையோ என்று சந்தேகப்பட்டு, பாக்கெட்டை எடுத்து லேசாக ஆட்டினேன். படுத்திருந்தவன் எழுந்து தள்ளாடி வந்தான். என் முகத்தைப் பார்த்துக் கத்தினான்.

அப்போதுதான் பயம் முழுசாக வந்தது. காய்ந்ததைக் கொடுத்தால் தின்பான், அடைத்துச் சாவான். ஈரத்தைத்தான் கொடுப்பேன் என்று நின்றால் தின்ன மாட்டான், பட்டினியில் சாவான். பாக்கெட் என் கையில் இருந்தது. அவன் காலடியில் கத்திக்கொண்டிருந்தான். எனக்கு இரண்டு காதையும் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பாக்கெட்டை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் போய் மணலைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது.

தண்ணியாவது உள்ளே போகட்டும் என்று விடிந்ததும் கிண்ணத்தில் விரலை நனைத்து அவன் வாயில் தடவினேன். தலையை உதறினான். மறுபடி தடவினேன். மறுபடி உதறினான். ஆத்திரம் தாங்காமல், அப்படி என்னடா இருக்கிறது இதில் என்று அந்த விரலை என் வாயில் வைத்தேன்.

உப்பு.

கோயமுத்தூரில் குடியிருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீடுகளில் தண்ணி இரண்டு வகை. சிறுவாணி நல்ல தண்ணி, குழாயில் வரும் நாளில் சண்டை போட்டுப் பிடித்து, டிரம்மில் மூடி வைத்து, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எடுப்போம். மற்ற எல்லாவற்றுக்கும் போர்த் தண்ணி. எங்கள் போர்த் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. செடிக்கு, துணிக்கு, பாத்திரத்துக்கு, கக்கூசுக்கு, பூனைக்கு. யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாக அந்தக் குழாய்க்குப் போகும். மீன் தின்ற காலத்தில் மீனின் தண்ணியே அவனுக்குப் போதுமாக இருந்தது. காய்ந்த தீனி தின்ன ஆரம்பித்த பிறகு அவனுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். அவன் குடிக்கவே இல்லை.

டிரம்மைத் திறந்து சொம்பு நிறைய நல்ல தண்ணி மொண்டு கிண்ணத்தில் ஊற்றினேன். மோந்தான். நாக்கை விட்டான். குடித்தான், நிறுத்தாமல் குடித்தான். அந்தச் சளப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊரிலிருக்கிற எல்லாரையும் திட்ட வேண்டும்போல் இருந்தது. கடைக்காரரை, போர் போட்டவரை, என்னை.

ஆனால் குடித்ததோடு சரி. மணல் நனையவில்லை. வயிறும் காலி. குடித்த தண்ணி இறங்காமல் உள்ளேயே நின்றால் என்ன ஆகும் என்று நினைத்ததும் மறுபடி மணலைத் தொட்டுப் பார்க்கப் போனேன்.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. வீட்டுக்காரர் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, நாமம் போட்டு, துளசி வைத்துக் கும்பிட்டு முடித்திருந்தார். அவசர வேலை ஒன்று இருந்ததால் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார். வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பியவர், புழக்கடை வாசலில் என்னைப் பார்த்தார். அக்கா வீட்டு மீன் சட்டி என் கையில் இருந்தது.

"உள்ள வராத அம்மணி."

"அங்க திங்க மாட்டேங்கறானுங்க. அவனோட எடத்துல வெச்சாத்தான் திம்பான்."

"இன்னிக்குச் சனிக்கெழம."

"தெரியுங்க."

"ஒரு நாள் பொறுக்கலாமில்ல?"

"டாக்டர் நாளைக்குள்ளன்னு சொன்னது இன்னிக்குத்தானுங்க. பெருமாளுக்கு அடுத்த வாரமும் சனிக்கெழம வரும். இவனுக்கு நாளைக்கு இருக்குதான்னு தெரியாது."

பேசின வேகத்தில் வந்துவிட்டது. அவர் தன் வலது கையை ஒரு தரம் பார்த்தார். வேண்டுமென்று பார்க்கவில்லை, கண் தானாகப் போனது. அப்புறம் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். நான் சட்டியோடு வாசப்படியைத் தாண்டினேன்.

வழக்கமான தட்டு, வழக்கமான மூலை. அப்படியும் அவன் மோந்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். அரிசி டப்பாவிலிருந்து பாக்கெட்டை எடுத்தேன். நாலு உருண்டையை அம்மிக்குழவியால் பொடித்து மீன் மேல் தூவினேன். பொடியை நக்கினான். பொடியோடு மீனும் நாக்கில் ஒட்டியது. நின்றான், யோசித்தான். அப்புறம் தின்றான். பாதித் தட்டு காலியானது. மீன் தண்ணியையும் உறிஞ்சினான்.

அவன் தின்ன ஆரம்பித்ததும் எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. சாமி பெரிதா பூனை பெரிதா என்றெல்லாம் வாதம் பண்ண எனக்குத் தெரியாது. அந்தக் கிழிந்த சட்டை மட்டும் கண் முன்னால் வந்து நின்றது. அவர் மனசு கலங்கிப் போயிருக்கிறார். கலங்கிய மனசோடு லேத்தில் கை வைப்பார். பெருமாள் கோபிக்கிறாரோ இல்லையோ, இரும்புக்கு அதெல்லாம் தெரியாது.

சந்து திரும்புகிற மொடக்கில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப் பட்டறைக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. லேத் ஓடினால் மணிச் சத்தம் கேட்காது, எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சத்தத்துக்குள் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து மணலைத் தொட்டேன். காய்ந்திருந்தது. மறுபடி பூத்துக்குப் போனேன். பூத்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அக்கா சுவரில் கையூன்றி நின்றார்.

"சோறு தின்னியா கண்ணு?"

"எறங்கலைங்க அக்கா."

"ரெண்டு ஆம்பளைகளுக்காகப் பயந்துட்டு ஒருத்தி ஒக்காந்திருக்கே. ஒருத்தன் பட்டறைல, ஒருத்தன் மணல்ல. எவனாவது உனக்காக இப்பிடி ஒக்காருவானா?"

சிரிக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அவர் ஒரு தம்ளர் டீயைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனார்.

மதியம் அவன் மணலுக்குப் போனான். குந்தினான். வால் நடுங்கியது. முனகினான். எழுந்து போனபின் போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டுப் பட்ட அடையாளம் மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அப்புறம் வந்து தூணோரம் படுத்து அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருந்தான்.

வெயில் இறங்கும்போது சந்தில் மொபெட் சத்தம் கேட்டது. ஓடினேன். வண்டியைப் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை. கைப்பிடியில் இருந்த கைகளைத்தான் பார்த்தேன். இரண்டும் இருந்தன. கிரீஸ்கூட அதிகம் இல்லை.

"பேஞ்சானா?" என்றார். முதல் வார்த்தையே அதுதான்.

"இல்லைங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் புழக்கடைக்கு வந்து மணலுக்குப் பக்கத்தில் என்னோடு குத்தவைத்தார். மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்னிக்கு லேத்துப் பக்கமே போகலை. பசங்கள ஓட்டச் சொல்லிப்போட்டு நான் மூலைல ஒக்காந்து அரம் போட்டுட்டிருந்தேன்."

"போன் அடிச்சுதே?"

"அடிச்சுது. எடுக்கப் பயமா இருந்துது. செத்துட்டான்னு சொல்லுவியோன்னு."

நான் அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். அப்போது பூனை எழுந்தான். மணல் பக்கம் வரவில்லை. கொடிக்குக் கீழே போனான். காற்றில் மஞ்சள் வேட்டி நழுவி அங்கே தரையில் சுருண்டு கிடந்தது. அதை முன்காலால் ஒரு தரம் பிறாண்டினான். அதன் மேல் ஏறினான். குந்தினான்.

"அய்யோ, உங்க வேட்டி" என்று எழப் போனேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அசையாத. அசையாத அம்மணி. முடிக்கட்டும்."

ஒரு சத்தமும் இல்லை. மஞ்சள் துணியில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அது விரிந்தது. இன்னும் விரிந்தது. அவன் அரைக்கண் மூடி இருந்தான். நாங்கள் இரண்டு பேரும் குத்தவைத்தபடியே பார்த்திருந்தோம். முடித்துவிட்டு, துணியின் ஓரத்தை இழுத்து மூடப் பார்த்தான், முடியவில்லை, விட்டுவிட்டுப் போனான்.

வீட்டுக்காரர் போய் வேட்டியை எடுத்தார். நாறியது. மூக்கைச் சுளிக்கவில்லை. கைக்குக் கிடைத்த சொம்பை எடுத்து டிரம்மைத் திறக்கப் போனார்.

"அதுல கை வெக்காதீங்க!" என்று கத்தினேன். "உப்புத் தண்ணில தொவைங்க. நல்ல தண்ணி அவனுக்கு."

மறுபடி அடைக்காது என்று டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை. அவன் வீட்டில் இருந்த வருசங்கள் முழுக்க நான் காலையில் முதல் வேலையாக மணலைத்தான் பார்த்தேன். மீன்தான் தீனி. பாக்கெட் பொடி, ஊறுகாய் தொட்டுக்கொள்கிற அளவுக்கு.

அடுத்த புரட்டாசி பிறக்கிற அன்று காலையில் வீட்டுக்காரர் நாமம் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அக்காகிட்ட மீனுக்குச் சொல்லிப்போட்டேன். சட்டி நம்ம புழக்கடைக்கே வரட்டும். பெருமாள்கிட்டயும் சொல்லிப்போட்டேன்."

"என்ன சொன்னாருங்க?"

"ஒண்ணும் சொல்லலை. லேத்துல கை வெச்சாத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மொபெட் சந்து திரும்பும்வரை வாசலில் நின்று அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.